பட்டியலை உரக்கப் படித்தபோது

அம்மாவின் பாஸ்புக்கில் மூன்று வரிகள் இருந்தன. மூன்றும் பிஎம் கிசான் என்கிற விவசாயிப் பணம், தலா 2,000 ரூபாய், மூன்றும் 2019-ல் வந்தவை. 2020 பிறந்த பிறகு ஒன்றையும் காணோம்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு. ஆடியில் மணிலா போடுவோம், தண்ணீர் நின்றால் கொஞ்சம் நெல். அப்பா போனபின் பட்டா அம்மா பேருக்கு மாறிப் பல வருடம் ஆகிறது. விதை மணிலா வாங்குகிற நேரத்தில் அந்த 2,000 ரூபாய் கைக்கு வந்தால் வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சின்னத் தொகை. அம்மாவுக்கு அப்படி இல்லை.

நான் பக்கத்து டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்குப் போவேன். 2020 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு, சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "தெருக்கோடி அக்காவுக்கு 4,000 வந்திருக்காம். கொரோனா பணம்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் ஏன் வரல?"

தெருக்கோடி அக்காவுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. புருஷன் இல்லை, கூலி வேலைதான். கொரோனா நிவாரணம் என்றால் அம்மா கணக்குக்கும் வந்திருக்க வேண்டுமே என்று, அந்த அக்காவின் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். பணம் வந்திருந்தது பிஎம் கிசான் கணக்கிலிருந்து.

பிஎம் கிசான் என்பது தன் பெயரில் விவசாய நிலம் இருப்பவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கிற பணம். வருடம் 6,000, நாலு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000. 2019 பிப்ரவரியில் தொடங்கி, 2018 டிசம்பரிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்தார்கள். முதலில் 5 ஏக்கருக்குள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை 2019 ஜூனில் எல்லா நில உடைமையாளருக்கும் விரித்தார்கள். ஆனால் விலக்குகள் உண்டு. வருமான வரி கட்டுபவர், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் வாங்குபவர், தொழில் செய்கிற டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்குக் கிடையாது. இதில் பலருக்கும் தெரியாத ஒன்று: கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். கணவர் வாத்தியாராக இருந்து, நிலம் மனைவி பேரில் இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்குத் தகுதி இல்லை.

பயனாளிகள் பட்டியல் பிஎம் கிசான் இணையதளத்தில் கிராமவாரியாக எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது என்பதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வந்துவிடும். லாகின் எதுவும் வேண்டாம். பெயரும், ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கும். நிலம் எங்கே, எவ்வளவு என்று இருக்காது. அகர வரிசையில் ஆங்கில எழுத்துகளில் வரும் என்பதால் ஊர்க்காரர்கள் அதைப் படிக்க முடியாது. சுப்பிரமணி என்கிற பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

கடையில் முதலாளியிடம் கேட்டு அச்செடுத்து, ஊருக்குக் கொண்டுபோனேன். அடுத்த ஞாயிறு எங்கள் திண்ணையில் அம்மா, பெரியப்பா, எதிர்வீட்டுச் சித்தி மூன்று பேரையும் உட்கார வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அன்றைக்கு நான் பார்த்ததை இன்றுவரை மறக்கவில்லை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் ஒரு பெயரைச் சொன்னால், "ஏரிக்கீழ் கழனி, மூணு காணி, அண்ணன் தம்பி பிரிக்கல" என்று உடனே சொல்லிவிடுவாள். பெரியப்பா கிணற்றுப் பங்கு வரைக்கும் சொல்வார். தாலுகா ஆபீஸில் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் கிடைக்காத விவரம் அந்தத் திண்ணையில் இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது.

நிலம் உள்ளவருக்கு ஒரு டிக், தெரியாத பெயருக்கு ஒரு கேள்விக்குறி, நிலமே இல்லாதவருக்கு ஒரு சுழி என்று பென்சிலால் போட்டுக்கொண்டே போனேன். சுழி அறுபதைத் தாண்டியது. செத்துப்போனவர்கள் ஏழு பேர். பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர். அம்மா பெயர் பட்டியலிலேயே இல்லை.

இதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோபத்தில் இருந்தேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடையில் நாலு பேர் முன்னால், நிலமே இல்லாதவர்கள் விவசாயி பணத்தைத் தின்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். யார் யார் என்று கேட்டார்கள். நான் சொன்ன முதல் பெயர் தெருக்கோடி அக்காவுடையது.

பத்து நாளில் ஊர் முழுக்க அந்த அக்காவைத் திருடி என்று பேசிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு எங்கள் வாசலில் வந்து அழுதார். "ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் குடு, கொரோனாவுக்குப் பணம் வரும்னு ஒரு புரோக்கர் சொன்னாம்மா. ஐநூறு ரூபா அவனே எடுத்துக்கிட்டான். இது விவசாயிங்க பணம்னு எனக்கு எப்படித் தெரியும்?" அதற்குள் வங்கியில் அவர் கணக்கை முடக்கியிருந்தார்கள். அந்தக் கணக்கில்தான் அவருடைய நூறு நாள் வேலைக் கூலியும் இருந்தது. பணம் எடுக்க முடியாமல் மூன்று வாரம் கடன் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டேன். டீக்கடையிலும் போய்ச் சொன்னேன். ஆனால் சொன்ன சொல் போன வேகத்துக்குத் திருத்தம் போகவில்லை. பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது என்றால், அந்தப் பெயருக்குப் பணம் போனது என்று மட்டும்தான் அர்த்தம். விண்ணப்பத்தை எழுதியது யார், ஒப்புதல் கொடுத்தது யார், கமிஷன் எடுத்தது யார் என்பதெல்லாம் அதில் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாலும், பெயர் இருப்பவரைத் தனியாகப் பார்த்து விசாரிக்காமல் வெளியே ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் மட்டும் நடந்தது என்று நினைத்தது தவறு என்று செப்டம்பரில் புரிந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று மாவட்டம் மாவட்டமாகச் செய்தி வந்தது. தமிழ்நாடு முழுக்கச் சுமார் 5.5 லட்சம் பேர் தகுதி இல்லாமல் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் போயிருக்கிறது என்று வேளாண்மைத் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். சிபிசிஐடி விசாரணை வந்தது. விவசாயிகள் தாங்களே ஆன்லைனில் பதியலாம் என்று வழி திறந்ததையும், அதிகாரிகள் ஒப்புதல் கொடுக்கிற யூசர் நேம், பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போனதையும் சேர்த்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் சிட்டாவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற இடம் நடுவிலிருந்து விழுந்துவிட்டது. நாடு முழுக்க எடுத்தால், 20.48 லட்சம் தகுதியில்லாதவர்களுக்கு 1,364 கோடி போயிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு மத்திய வேளாண் அமைச்சகமே பதில் கொடுத்தது. அதில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுபவர்கள். ஏமாற்றப்பட்ட கூலிக்காரர்களைப் பற்றி ஊர் பேசிய அளவுக்கு, வரி கட்டிக்கொண்டே வாங்கியவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சரி, அம்மா விஷயம். அப்போதெல்லாம் ஆதார் எண்ணைப் போட்டே நிலையைப் பார்க்க முடிந்தது. இப்போது பதிவு எண்ணும், போனுக்கு வரும் ஓடிபியும் வேண்டும். பார்த்தால், ஆதாரில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை. ஆதாரில் அப்பா பெயர் ஒட்டியிருந்தது, பதிவில் வெறும் இனிஷியல். 2019 டிசம்பரிலிருந்து ஆதார் விவரம் பொருந்தினால்தான் பணம் என்றாக்கியிருந்தார்கள். அதனால்தான் மூன்று தவணையோடு நின்றது. மோசடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. யாரோ அம்மா பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தோம். உங்களுக்குத் தவணை நின்றால் முதலில் நிலையைப் பாருங்கள். ஆதார் பெயர், வங்கியோடு ஆதார் இணைப்பு, பின்னாளில் வந்த இகேஒய்சி என்கிற ஆதார் வழி சரிபார்ப்பு, நில விவரம் ஏற்றியது, இந்த நாலில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 155261 என்ற உதவி எண்ணும் உண்டு. எங்களுக்கு அது சரியாவதற்கு ஏழு மாதம் ஆனது.

ஆனாலும் அந்த அறுபது சுழிகளுக்கு யார் ஒப்புதல் கொடுத்தது என்பதை விட மனம் வரவில்லை. அந்த அக்காவுக்குப் பட்ட கடன் என்றே வைத்துக்கொண்டேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதல் மனு எழுதினேன். "தகுதியில்லாதவர்களுக்கு ஏன் பணம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டிருந்தேன். கேள்விக்கு விளக்கம் தர இச்சட்டத்தில் இடமில்லை என்று இரண்டு வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும், "ஏன்" என்று கேட்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வந்தார். திண்ணையில் பட்டியல் படித்தபோது அவருடைய மனைவியின் பெயரும் இருந்தது. அதைத் தனியாகப் போய்ச் சொன்னேன், டீக்கடையில் பட்ட பாடத்துக்குப் பிறகு. அவர் முகம் மாறிவிட்டது. "நிலம் அவ பேர்ல இருக்கு, அதனால வாங்கலாம்னு நெனச்சேம்மா" என்றார். அந்த வாரமே வாங்கிய தொகை முழுவதற்கும் டிடி எடுத்துக் கட்டிவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அப்புறம் இரண்டாவது மனுவை அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

அந்த மனுவின் சாரம் இது: இன்ன வருவாய் கிராமத்தில், 2018 டிசம்பர் 1 முதல் மனு தேதி வரை, பிஎம் கிசான் திட்டத்தில் ஒப்புதல் அளிக்கப்பட்ட பயனாளிகளின் பெயர், பதிவு செய்த நாள், ஒப்புதல் அளித்த நாள், ஒப்புதல் அளித்த அலுவலரின் பதவி, சரிபார்க்கப்பட்ட நில ஆவணத்தின் வகை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல்பேசி எண் வேண்டாம் என்று தனியாக ஒரு வரி. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. ஒப்புகை அட்டை ரொம்ப முக்கியம், 30 நாள் கணக்கை அதை வைத்துத்தான் பேச முடியும்.

மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், தர இயலாது என்று பதில் வந்தது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போட்டோம். எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு சட்ட வரி. பிரிவு 4(1)(ஆ)-வின் பன்னிரண்டாவது உட்பிரிவு, மானியத் திட்டங்களின் செயல்முறையையும், ஒதுக்கிய தொகையையும், பயனாளிகளின் விவரத்தையும் ஒவ்வொரு அலுவலகமும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. யாரும் கேட்காமலே சொல்ல வேண்டியதை, கேட்ட பிறகும் எப்படி மறுக்கலாம் என்று வாத்தியார் எழுதினார். நகல் நிறைய வரும், நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. ஆவணத்தை நேரில் பார்க்கவும் குறிப்பெடுக்கவும் சட்டத்திலேயே உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை.

2021 பிப்ரவரியில் நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்தோம். அறுபதில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் ஜூலையில் மூன்றே நாளில் ஒப்புதல் ஆகியிருந்தன. எல்லாம் ஒரே லாகின். நில ஆவணம் என்ற இடத்தில் ஒரே சர்வே நம்பர் இருபது பேருக்கு. அந்த நம்பர் ஏரிப் புறம்போக்கு. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சர்வே நம்பர் தெரிந்தால் போதும், அது யார் நிலம், புறம்போக்கா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒப்புதல் கொடுத்தவரும் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவு செய்திருக்கலாம்.

குறிப்பெடுத்ததை எழுதி, விசாரிக்கிறவர்களிடமே கொடுத்தோம். தெருக்கோடி அக்காவும் தன் வாக்குமூலத்தைக் கொடுத்தார். அவரிடமிருந்து 4,000 ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு கணக்கைத் திறந்துவிட்டார்கள். புரோக்கருக்குப் போன ஐநூறு திரும்பி வரவில்லை.

இதே வேலையை இன்றைக்குச் செய்தால் கொஞ்சம் கூடுதலாகப் போராட வேண்டியிருக்கும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில், தனிநபர் தகவலை மறுக்க இடம் தருகிற உட்பிரிவில் கை வைத்தது. பொது நலன் இருந்தால் தனிநபர் தகவலைத் தரலாம் என்று அந்த உட்பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகத்தை எடுத்துவிட்டது. ஆனால் பொது நலன் பெரிதென்றால் தரலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறது, நாங்கள் பிடித்துக்கொண்ட நாலாம் பிரிவும் இருக்கிறது. மனுவிலேயே இரண்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பெயர் வெளியிடுவதால் சின்ன விவசாயிக்கு அவமானம் இல்லையா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் விவசாய மானியம் பெறுபவர்களின் பெயர்களை வெளியிட்டதை 2010 நவம்பரில் அங்கே உள்ள நீதிமன்றமே, தனிநபர்களைப் பொறுத்தவரை அளவுக்கு மீறியது என்று தடுத்தது. பிறகு 2013-ல் புதிய விதி போட்டுப் பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், மிகச் சிறிய தொகை வாங்குபவர்களின் பெயரை மட்டும் மறைத்து. நம் ஊரில் எல்லாருக்கும் ஒரே 6,000 என்பதால் அந்தக் கோடு இங்கே பொருந்தாது. என்னைக் கேட்டால் பெயர், கிராமம், தவணை, ஒப்புதல் கொடுத்த அலுவலரின் பதவி இவை வெளியே இருக்க வேண்டும். ஆதார், கணக்கு எண், போன் எண் எக்காரணம் கொண்டும் கூடாது. அந்த அக்காவைச் சிக்க வைத்ததே அவருடைய ஜெராக்ஸ்தான்.

வாத்தியார் ஒரு நாள் ராஜஸ்தான் கதை சொன்னார். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்கிற ஊரில், அருணா ராய் இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்கிற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு கூலிப் பதிவேடுகளை ஊர் நடுவில் உரக்கப் படித்ததாம். தங்கள் பெயர் இருப்பதையும், வாங்காத கூலிக்குக் கணக்கு இருப்பதையும் ஜனங்கள் அங்கேதான் கேட்டார்கள். அப்படித் தொடங்கியதுதான் இந்தச் சட்டம் வரைக்கும் வந்தது. "நாமும் படிப்போம்" என்றார்.

கொரோனாவால் கிராம சபை நடக்கவே இல்லை. 2020 அக்டோபர் 2 கூட்டம் ரத்தானது. அடுத்த வருடம் அக்டோபர் 2 வரை காத்திருந்தோம். அதற்குள் பட்டியலைத் தமிழில் எழுதி, தெருவாரியாகப் பிரித்துவிட்டேன். கேள்விக்குறி உள்ள ஒவ்வொருவரையும் முன்னமே வீட்டில் பார்த்துப் பேசினோம். சிலர் தாங்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். செத்தவர்கள் பெயரில் வருவதை வாரிசுகள் தெரியப்படுத்தி, பட்டா மாற்றிக்கொண்டு புதிதாகப் பதிய வேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னோம்.

கூட்டத்தில் வாத்தியார் தன் வீட்டுப் பெயரிலிருந்துதான் தொடங்கினார். வாங்கியதையும் திருப்பிக் கட்டியதையும் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அதன் பிறகு யாரும் சண்டைக்கு வரவில்லை. தெருக்கோடி அக்கா எழுந்து, புரோக்கர் எப்படி ஜெராக்ஸ் வாங்கினான் என்று நின்றபடியே சொன்னார். டீக்கடையில் நான் பெயர் சொன்ன அதே நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதிர்பாராத ஒன்றும் அன்று நடந்தது. ஒரு பெயரைப் படித்தபோது பெரியப்பா குறுக்கிட்டார். "அவரு சென்னையில கடை வெச்சிருக்காரு, இருபது வருஷமா இங்க கால் வெக்கல. அந்த நெலத்த உழுவறது நம்ம பையன்தானே. அவன் பேரு எங்க?" எங்கள் சித்தப்பா மகனைச் சொன்னார். இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உழுகிறான். வாய்ப்பேச்சுக் குத்தகை, காகிதம் இல்லை. நிலம் தன் பெயரில் இல்லாதவருக்கு பிஎம் கிசான் கிடையாது. சென்னைக்காரர் வாங்குவது விதிப்படி சரி. அதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. குத்தகை விவசாயிகளையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி அனுப்பினோம். பதில் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் மறுபடி எழுதுகிறோம்.

இப்போது தவணை வருகிற மாதமெல்லாம் நான் ஊருக்குப் போகும்போது பட்டியலைப் போனிலேயே எடுத்துக்கொண்டு போகிறேன். திண்ணையில் உட்காருவோம். தெருக்கோடி அக்காவும் வந்து உட்காருவார், தன் பெயர் மறுபடி வந்துவிட்டதா என்று முதலில் கேட்டுக்கொண்டு. போன முறை எங்கள் தெருவைப் படித்து முடித்ததும் நான் போனை மடியில் வைத்தேன். அம்மா விடவில்லை. "கீழத்தெருவையும் படி, அங்க ரெண்டு பேரு போன மாசம் செத்துட்டாங்க" என்றாள்.